இலங்கை ரூபாவும் இந்திய ரூபாவும்: ஒன்றாயிருந்து பிரிந்த வரலாறு

1950 ஓகஸ்ட் 28ஆம் நாள் இலங்கை மத்திய வங்கி பணியைத் தொடங்கியபோது இலங்கை ரூபா ஒன்றுக்கு இந்திய ரூபா ஒன்று. 2024ஆம் ஆண்டின் சராசரிக் கணக்கில் இலங்கை ரூபா நூறுக்குக் கிடைத்தது இந்திய ரூபா இருபத்தெட்டுக்கும் சற்றுக் குறைவு. எழுபத்தைந்தாண்டு நிறைவைக் கொண்டாடும் மலர் ஒன்றில் இந்த இரண்டு எண்களையும் முதலிலேயே வைப்பது சிலருக்கு நெருடலாக இருக்கலாம். ஆயினும் தான் காக்க வந்த நாணயத்தின் பெறுமதியை ஒதுக்கிவிட்டு ஒரு மத்திய வங்கியின் வரலாற்றை எழுத இயலாது.

நாணயத்தின் பெறுமதியை டொலரில் அளப்பது இன்றைய வழக்கம். இந்திய ரூபாவில் அளந்தால் வேறொரு உண்மை புலப்படும். இவ்விரு ரூபாக்களும் ஒரே வெள்ளிக் காசிலிருந்து பிறந்தவை. எண்பது ஆண்டுகள் ஏறத்தாழ ஒன்றாகவே நடந்தவை. பிரிந்த பின் ஒவ்வொரு நாடும் எடுத்த முடிவுகளின் பலனை அவற்றுக்கு இடையிலான மாற்று வீதத்தில் நேராகவே படிக்கலாம். அந்த முடிவுகளை யார் எடுத்தார்கள், அவற்றின் சுமையை யார் சுமந்தார்கள் என்ற இரண்டு கேள்விகளோடு இவ்வரலாற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

றிக்ஸ் டொலரிலிருந்து ரூபா வரை

1796இல் ஒல்லாந்தரிடமிருந்து கரையோர மாகாணங்களைப் பிரித்தானியர் கைப்பற்றியபோது இலங்கையில் புழங்கியது றிக்ஸ் டொலர். பன்னிரண்டு பணம் ஒரு றிக்ஸ் டொலர். 1825இல் பிரித்தானிய அரசு பவுணை இத்தீவின் கணக்கு நாணயமாக அறிவித்து, ஒரு பவுணுக்கு 13⅓ றிக்ஸ் டொலர் என்று வீதம் நிர்ணயித்தது. சட்டம் பவுணைச் சொன்னாலும் சந்தை வேறு வழியில் சென்றது. தென்னிந்தியாவிலிருந்து அரிசியும் துணியும் வந்தன. கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழ் மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் வந்தனர். அவர்களுக்குக் கூலியாகவும் அரிசிக்கு விலையாகவும் ஏற்கத்தக்க காசு இந்திய வெள்ளி ரூபாவே.

1836இல் அரசும் அதை ஒப்புக்கொண்டது. ரூபா ஒன்றுக்கு இரண்டு ஷில்லிங் என்ற கணக்கில் இந்திய ரூபா இலங்கையின் நியம நாணயமாயிற்று. கணக்குப் புத்தகத்தில் பவுண், ஷில்லிங், பென்ஸ். கையில் மாறியது ரூபாவும் அணாவும். இந்த இரட்டை நிலை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1869 ஜூன் 18 அன்று இந்திய ரூபா எல்லையற்ற சட்டபூர்வ நாணயமாக்கப்பட்டது. 1871இல் ரூபாவை நூறு சதமாகப் பிரிக்கும் ஏற்பாடு வந்தது. 1872 ஜனவரி 1 முதல் நூறு சதம் கொண்ட ரூபாவே இலங்கையின் ஒரே கணக்கு நாணயம்.

இந்தியா அணாவையும் பழைய பைசாவையும் விட்டுத் தசம முறைக்கு மாறியது 1957 ஏப்ரல் 1 அன்று. எனவே எண்பத்தைந்து ஆண்டுகள் ஒரே ரூபா இரு கரைகளிலும் இருவிதமாகச் சில்லறையாயிற்று. அங்கே பதினாறு அணா. இங்கே நூறு சதம். ஓர் அணாவுக்கு ஆறேகால் சதம் என்பது கொழும்பு வணிகர் மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடு. ரூபாவுக்கு மாற்று வீதம் தேவைப்படவில்லை, சில்லறைக்குத்தான் தேவைப்பட்டது.

1884: ஒரு வங்கியின் வீழ்ச்சியும் ஒரு சபையின் பிறப்பும்

அக்காலத்தில் நோட்டுகளை வெளியிட்டவை தனியார் வங்கிகள். அவற்றுள் முதன்மையானது ஓரியன்டல் வங்கிக் கூட்டுத்தாபனம். 1842இல் பம்பாயில் தொடங்கி, பின் இலண்டனுக்கு இடம்பெயர்ந்து, 1849இல் அன்றைய சிலோன் வங்கியைத் தன்னுடன் இணைத்துக்கொண்ட நிறுவனம் அது. அதன் நோட்டு கண்டியிலும் காலியிலும் பொன்னுக்குச் சமமாக மதிக்கப்பட்டது.

கோப்பி இலைகளைத் தாக்கும் துருநோய் 1869இல் இலங்கையில் முதலில் காணப்பட்டது. பதினைந்தாண்டுகளில் அது தோட்டங்களை அழித்தது; தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த வங்கியும் அவற்றோடு விழுந்தது. 1884 மே 3 அன்று ஓரியன்டல் வங்கி தன் கதவை மூடியது. நோட்டு வைத்திருந்தவர்கள் வங்கி வாசலுக்கு ஓடினர். கடைகள் நோட்டை வாங்க மறுத்தன.

அப்போது ஆளுநராக இருந்தவர் சேர் ஆதர் கோர்டன். இலண்டனின் அனுமதிக்குக் காத்திராமல், அந்த நோட்டுகளுக்கு இலங்கை அரசு பொறுப்பேற்கும் என்று அவர் உறுதியளித்தார். அவ்வுறுதி பொதுமக்களின் கலக்கத்தைத் தணித்தது. நோட்டின் பெறுமதி அதன் பின்னால் நிற்பவரின் சொல்லில் இருக்கிறது என்பதை இலங்கை முதன்முதலாகக் கண்ணெதிரே கண்டது அன்றுதான்.

அதே ஆண்டின் 32ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தனியார் நோட்டு முறைக்கு முடிவு கட்டி, நோட்டு வெளியிடும் உரிமையை அரசின் நாணய ஆணையாளர்களிடம் ஒப்படைத்தது. மத்திய வங்கிக்கு முன்னோடி இந்த ஏற்பாடே. இதன் இயக்கம் எளியது. வெளியிடும் நோட்டுக்கு ஈடாக ஒரு பகுதியை வெள்ளி ரூபாவாகவும் மறுபகுதியைப் பிணையங்களாகவும் வைத்திருக்க வேண்டும். ஈடின்றி ஒரு நோட்டும் அச்சாகாது. அரசின் வரவு செலவில் துண்டு விழுந்தாலும் நோட்டு அச்சிட்டு நிரப்ப வழியில்லை. இந்தக் கட்டுப்பாடே அதன் பலம். நாட்டில் பஞ்சமோ விலைச்சரிவோ வந்தால் கடனுதவி செய்யும் ஆற்றல் அதற்கு அறவே இல்லாதது அதன் பலவீனம்.

வெள்ளி சரிந்தபோது

இந்திய ரூபாவின் எடை 180 கிரெயின். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு தூய வெள்ளி. வெள்ளி விலை நிலையாக இருந்தவரை ரூபா இரண்டு ஷில்லிங்கையொட்டி நின்றது. 1870களில் ஜெர்மனி தங்கத்துக்கு மாறியது. பிற ஐரோப்பிய நாடுகளும் வெள்ளி நாணயம் அச்சிடுவதைக் கைவிட்டன. உலகச் சந்தையில் வெள்ளி குவிந்து விலை சரிந்தது. 1890களின் நடுவில் ரூபா ஒரு ஷில்லிங் இரண்டு பென்ஸ் அளவுக்கு இறங்கிற்று. பத்து ரூபாவுக்குக் கிடைத்த பவுணுக்கு இப்போது பதினேழு ரூபா.

இந்தச் சரிவு வந்த காலம் இலங்கையில் கோப்பி போய்த் தேயிலை தழைத்த காலம். கொழும்பில் முதல் தேயிலை ஏலம் நடந்தது 1883 ஜூலை 30 அன்று. பெரும்பகுதித் தேயிலை இலண்டனில் பவுணுக்கு விற்பனையாயிற்று. விற்ற பணம் பவுண். கொடுத்த கூலி ரூபா. ரூபா சரியச் சரியத் தோட்டத் துரைமாரின் இலாபம் பெருகியது. ரூபாவில் கூலி வாங்கிய தொழிலாளிக்கு இறக்குமதிச் சாமான்களின் விலை ஏறியது. நாணயம் இறங்கும்போது ஒருவர் வரவு மற்றவர் செலவாகிறது என்ற விதி மலையகத்தில் அன்றே எழுதப்பட்டுவிட்டது.

1893இல் இந்திய அரசு வெள்ளியைக் கொண்டுவந்து கொடுத்தவருக்கெல்லாம் ரூபா அச்சிட்டுக் கொடுப்பதை நிறுத்தியது. சில ஆண்டுகளில் ரூபா ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸ், அதாவது பவுணுக்குப் பதினைந்து ரூபா, என்ற நிலையில் நிறுத்தப்பட்டது. முதல் உலகப் போரின் முடிவில் வெள்ளி விலை ஏறியபோது ரூபாவும் ஏறி, 1920இன் தொடக்கத்தில் இரண்டரை ஷில்லிங்கையும் தாண்டி, அடுத்த ஆண்டே சரிந்து விழுந்தது. 1927இல் ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று சட்டம் வகுக்கப்பட்டது. 1931இல் பிரித்தானியா தங்கத்தைக் கைவிட்டபோது அதே வீதத்தில் ரூபா ஸ்ரேளிங்குடன் பிணைக்கப்பட்டது. பவுணுக்கு 13⅓ ரூபா.

இத்தனை மாற்றங்களும் இலங்கை ரூபாவை அப்படியே ஆட்டிவைத்தன. அவற்றுள் ஒன்றையும் கொழும்பு முடிவு செய்யவில்லை. இந்தியாவின் வரவு செலவை மனத்தில் வைத்து இலண்டனும் இந்திய அரசும் எடுத்த முடிவுகள், கேட்காமலே நமக்கும் பொருந்தின. நமது நாணயம் நிலையாக இருந்ததெனில் அது இரவல் நிலைத்தன்மை.

செட்டியார் தெருவின் கணக்கேடுகள்

சமமான ரூபாவின் பயனை முழுமையாக எடுத்துக்கொண்டவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். கொழும்பு செட்டியார் தெருவின் கிட்டங்கிகளில் எழுதப்பட்ட பேரேடும், செட்டிநாட்டில் எழுதப்பட்ட பேரேடும் ஒரே ரூபாவில் நடந்தன. முதலை இங்கிருந்து அங்கோ அங்கிருந்து இங்கோ மாற்றுவதில் செலாவணி நட்டம் என்ற பேச்சே எழவில்லை. உண்டியல் என்னும் மாற்றுச் சீட்டு எழுதினால் போதும். ஆங்கில வங்கிகள் உள்நாட்டுச் சிறு வணிகருக்கும் விவசாயிக்கும் நேரே கடன் கொடுக்காத காலத்தில், அந்த வங்கிகளில் கடன் வாங்கித் தம் முதலையும் சேர்த்துக் கடைகளுக்கும் தென்னந்தோட்டங்களுக்கும் கொடுத்தவர்கள் செட்டியார்கள்.

1920களின் நடுவில் சில செட்டியார் நிறுவனங்கள் முறிந்ததும் ஆங்கில வங்கிகள் கடனைச் சுருக்கின. பின்னர் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. தேயிலை, இறப்பர், தேங்காய் மூன்றும் விலை வீழ்ந்தன. உள்நாட்டுக் கடன் வழி அடைபட்டது. இந்த நெருக்கடியை ஆராய 1934இல் அமைந்த வங்கி ஆணைக்குழுவுக்குத் தலைமை ஏற்றவர் இந்தியாவின் புகழ்பெற்ற வங்கியாளர் சேர் சொராப்ஜி பொச்கானாவாலா. அரசு ஆதரவுடன் உள்நாட்டு வங்கி ஒன்று வேண்டும் என்ற அவரது பரிந்துரையின் பயனாக 1939 ஓகஸ்ட் 1 அன்று இன்றைய இலங்கை வங்கி தொடங்கப்பட்டது. வணிக வங்கி கிடைத்துவிட்டது. நாணயத்தை ஆளும் வங்கி கிடைக்கவில்லை.

ஒரே ரூபாவின் மற்றொரு பயனாளர் தோட்டத் தொழிலாளர். திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம் மாவட்டங்களின் ஊர்களுக்கு அவர்கள் அனுப்பிய பணம் அதே எண்ணில் போய்ச் சேர்ந்தது. பத்து ரூபா மிச்சம் பிடித்தால் ஊரில் பத்து ரூபா. அந்த எளிமையின் அருமை அது போன பிறகே தெரிந்தது.

தனி நாணயம், தனி வங்கி

1935 ஏப்ரல் 1 அன்று இந்திய ரிசர்வ் வங்கி தொடங்கியது. பர்மா 1937இல் தனியாகப் பிரிந்த பிறகும் அங்கே ரிசர்வ் வங்கியே நோட்டு வெளியிட்டது. இலங்கைக்கு அந்த நிலை வரவில்லை. 1884 முதல் தன் சபையை அது காப்பாற்றி வந்திருந்தது. 1941இன் 21ஆம் இலக்க நாணயக் கட்டளைச் சட்டம் அச்சபையைப் புதுப்பித்தது. இந்திய ரூபாவைக் கொண்டுவருவோருக்கு அதே எண்ணிக்கையில் இலங்கை ரூபா, இலங்கை ரூபாவைக் கொண்டுவருவோருக்கு இந்திய ரூபா என்று சமமாக மாற்றிக்கொடுப்பது சபையின் கடமை. இலங்கை ரூபா தனி நாணயமாயிற்று. ஆனாலும் அதன் நங்கூரம் இந்திய ரூபாவே.

சுதந்திரம் 1948 பெப்ரவரி 4 அன்று வந்தது. மறு ஆண்டே நங்கூரத்தின் ஆபத்தும் தெரிந்தது. 1949 செப்டெம்பரில் பிரித்தானியா பவுணை 4.03 டொலரிலிருந்து 2.80 டொலருக்கு இறக்கியது. இந்தியா பின்தொடர்ந்தது, இலங்கையும் பின்தொடர்ந்தது. டொலர் ஒன்றுக்கு 3 ரூபா 30 சதமளவில் இருந்த வீதம் 4 ரூபா 76 சதமாயிற்று. பாகிஸ்தான் மட்டும் மறுத்து நின்றது. சுதந்திர நாடொன்றின் நாணயம் பிறர் முடிவால் ஒரே வாரத்தில் 30 சதவீதமளவு இறங்கியது.

அன்றைய நிதி அமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனவின் வேண்டுகோளின் பேரில் அமெரிக்க மத்திய ரிசர்வ் சபையிலிருந்து வந்த ஜோன் எக்ஸ்டர், 1949 நவம்பரில் தம் அறிக்கையை அளித்தார். ஈட்டுக்கு ஈடு நோட்டு வெளியிடும் சபை நாட்டின் தேவையறிந்து கடனையும் பணத்தையும் கூட்டவோ குறைக்கவோ இயலாது. அதற்கு மத்திய வங்கி வேண்டும் என்பது அதன் சாரம். 1949இன் 58ஆம் இலக்க நாணய விதிச் சட்டம் பிறந்தது. எக்ஸ்டரே முதல் ஆளுநர், என். யூ. ஜயவர்த்தன துணை ஆளுநர். மூன்றாண்டுகளில் அவர் முதல் இலங்கை ஆளுநரானார். வங்கி திறந்த மறுநாள், 1950 ஓகஸ்ட் 29 அன்று, இலங்கை சர்வதேச நாணய நிதியத்தில் உறுப்பினராயிற்று.

புதிய சட்டம் இலங்கை ரூபாவை 2.88 கிரெயின் தூய தங்கம் என்று வரையறுத்தது. இந்திய ரூபாவின் தங்க அளவும் அதுவே. உறவு அறுந்தது, பெறுமதி சமமாகவே தொடர்ந்தது. இனி அது யாரையும் பின்பற்றியதால் வந்த சமம் அன்று. கொழும்பு தானே தேர்ந்த சமம்.

பதினாறு ஆண்டுச் சமநிலை

தொடக்கம் சிறப்பாகவே இருந்தது. கொரிய யுத்தக் காலத்தில் இறப்பரும் தேயிலையும் நல்ல விலைக்குப் போயின. வெளிநாட்டு ஒதுக்குகள் நிரம்பின. அந்த வளம் நீடிக்கவில்லை. 1950களின் பிற்பகுதி முதல் தேயிலை விலை இறங்கியது, மக்கள்தொகை பெருகியது, பங்கீட்டு அரிசிக்கும் கோதுமை மாவுக்கும் இறக்குமதிச் செலவு ஏறியது. ஒதுக்குகள் ஆண்டுதோறும் கரைந்தன. நாணயத்தின் பெறுமதியை இறக்குவதற்குப் பதிலாக, அரசுகள் இறக்குமதியைத் தடுத்தன. செலாவணிக் கட்டுப்பாட்டை இறுக்கின. 1953இன் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதற்குக் கருவி.

ரூபாவுக்கு ரூபா என்ற சமம் சட்டத்தில் இருந்தது. ஆனால் அனுமதியின்றி யாரும் மாற்ற முடியாத சமம் அது. முன்பு எவரும் கவனிக்காமல் கடந்த பாக்கு நீரிணை இப்போது செலாவணி எல்லையாயிற்று. ஊருக்குப் பணம் அனுப்பத் தொழிலாளிக்கு அனுமதி வேண்டும். பண்டகசாலை வைத்திருந்த இந்திய வணிகர் தம் முதலை எடுத்துச் செல்ல அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்காத இடத்தில் உண்டியலும் கடத்தலும் தழைத்தன.

உயரத்தில் நின்ற எண்

சமநிலையை முதலில் உடைத்தது இந்தியா. 1962இலும் 1965இலும் யுத்தம். 1965-66இல் கடும் வறட்சி. நிறுத்தப்பட்ட வெளிநாட்டு உதவி. 1966 ஜூன் 6 அன்று இந்தியா தன் ரூபாவை டொலருக்கு 4.76இலிருந்து 7.50க்கு இறக்கியது. இலங்கை அசையவில்லை. ஒரே நாளில் இலங்கை ரூபா நூறு, இந்திய ரூபா 157.50 ஆயிற்று.

1967 நவம்பரில் பவுண் மீண்டும் இறங்கியதும் இலங்கை தன் ரூபாவை 20 சதவீதம் இறக்கி டொலருக்கு 5.95 என்று வைத்தது. அப்போதும் நூறு இலங்கை ரூபாவுக்கு 126 இந்திய ரூபா. அதிகாரபூர்வ வீதத்தில் நமது நாணயம் இந்திய நாணயத்தைவிட உயர்ந்து நின்ற அந்தக் காலத்தை நினைத்துப் பெருமைப்படுவோர் இன்றும் உள்ளனர். அந்த உயரத்தை நாம் உண்மையோடு பார்க்க வேண்டும். 1968 மேயில் அரசு வெளிநாட்டுச் செலாவணி உரிமைச் சான்றிதழ் முறையைக் கொண்டுவந்தது. அத்தியாவசியமற்ற இறக்குமதிக்கு டொலர் வேண்டுமானால் 5.95க்கு மேல் 44 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அதாவது டொலருக்கு எட்டரை ரூபாவுக்கும் மேல். 1969இல் அந்தக் கூடுதல் 55 சதவீதமாயிற்று. 1972இல் 65 சதவீதமாயிற்று. இந்தியாவில் டொலர் 7.50க்கு இருக்கையில் கொழும்பில் 8.57 கேட்ட அரசு, தன் ரூபா உண்மையில் இந்திய ரூபாவைவிடத் தாழ்ந்தது என்பதைத் தானே ஒப்புக்கொண்டது. பலகையில் எழுதிய உயரம் வேறு. கையில் கிடைத்த பெறுமதி வேறு.

இவ்வீதங்கள் யாரைத் தொட்டன என்பதற்கு ஒரு கணக்கு. 1964 அக்டோபர் 30 அன்று கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியா செல்ல வேண்டும். அவர்கள் சேமலாப நிதி, பணிக்கொடை உட்படத் தம் உடைமைகளைக் கொண்டுசெல்லலாம் என்றும், ஒரு குடும்பத்துக்கு அனுமதிக்கப்படும் உச்சத் தொகை 4,000 ரூபாவுக்குக் குறைக்கப்படாது என்றும் ஒப்பந்தம் கூறியது. கையெழுத்தான நாளில் அந்த 4,000 இலங்கை ரூபா 4,000 இந்திய ரூபா. 1966 ஜூனுக்குப் பின் அதிகாரபூர்வ வீதத்தில் 6,300. 1967 நவம்பருக்குப் பின் 5,040. 1977 நவம்பருக்குப் பின் ஏறத்தாழ 2,150. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்துச் சேர்த்த அதே தொகை, கப்பல் ஏறிய ஆண்டைப் பொறுத்து இரட்டிப்புக்கு மேல் வேறுபட்டது. அவர்களுள் எவரும் நாணயக் கொள்கையில் ஒரு சொல்லும் சொல்லக் கேட்கப்பட்டவர் அல்லர்.

1977க்குப் பின்

1977 நவம்பரில் ஜே. ஆர். ஜயவர்த்தன அரசும் நிதி அமைச்சர் ரொனி டி மெல்லும் சான்றிதழ் முறையை நீக்கி, ஒரே வீதமாக டொலருக்கு 16 ரூபா என்று தொடங்கி மிதக்கவிட்டனர். இந்தியாவில் அப்போது டொலர் எட்டு ரூபா எழுபது காசையொட்டி இருந்தது. நூறு இலங்கை ரூபாவுக்கு ஏறத்தாழ 54 இந்திய ரூபா. அன்று திறந்த பொருளாதாரம் வெளிப்படுத்திய இடைவெளி பல ஆண்டுகள் மூடிவைத்திருந்த இடைவெளி.

1980களில் மகாவலி போன்ற பெருந்திட்டங்களின் செலவும், 1983க்குப் பின் உள்நாட்டுப் போரின் செலவும் ரூபாவை மேலும் அழுத்தின. 1990இல் நூறுக்கு ஏறத்தாழ 44 இந்திய ரூபா. பின் திசை மாறியது. 1991 ஜூலையில் இந்தியா தன் கையிருப்பு வற்றி, தங்கத்தை அடகு வைத்து, ரூபாவை இருமுறை இறக்கியது. 1993இல் சந்தை வீதத்துக்கு மாறியது. அதன் பின் 1995இல் நூறு இலங்கை ரூபாவுக்கு ஏறத்தாழ 63 இந்திய ரூபா கிடைத்தது. நாணய வரலாற்றில் இறக்கம் ஒருவருக்கே விதிக்கப்பட்டதன்று என்பதற்கு இது சான்று.

இந்தக் காலத்தில்தான் வங்கி தன் வரலாற்றின் கொடிய நாளைக் கண்டது. 1996 ஜனவரி 31 அன்று கொழும்புக் கோட்டையில் தலைமையகத்தின் மீது நடத்தப்பட்ட குண்டுத் தாக்குதலில் ஏறத்தாழ தொண்ணூறு பேர் உயிரிழந்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். இறந்தவருள் வங்கி ஊழியர் பலர். அவர்களுக்கு இம்மலரின் அஞ்சலி.

இரு நாடுகளையும் இணைக்கும் பாலங்களும் இக்காலத்திலும் இதற்குச் சற்று முன்னரும் எழுந்தன. 1974 டிசம்பரில் தெஹ்ரானைத் தலைமையிடமாகக் கொண்டு நிறுவப்பட்ட ஆசிய தீர்வு ஒன்றியத்தில் இரு நாடுகளும் தொடக்க உறுப்பினர்கள். உறுப்பு நாடுகளின் வணிகக் கொடுக்கல் வாங்கல்களை இரண்டு மாதங்களுக்கொருமுறை கூட்டிக் கழித்து மிச்சத்தை மட்டும் டொலரில் தீர்ப்பது இதன் முறை. 1998 டிசம்பரில் கைச்சாத்தான சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. 2001 ஜனவரி 23 அன்று இலங்கை ரூபா சுயாதீனமாக மிதக்கவிடப்பட்டது; அவ்வாண்டில் நூறுக்கு 53 இந்திய ரூபாவளவு. 2012இல் 42. 2020இல் 40.

2022

அண்மைக் காயத்தை இன்னும் நினைவூட்டத் தேவையில்லை. ஆனாலும் அதன் இயக்கத்தைப் பதிவு செய்வது கடமை. 2019இல் வரிகள் குறைக்கப்பட்டன. பெருந்தொற்று சுற்றுலாவை முடக்கியது. அரசின் துண்டு விழும் தொகையை மத்திய வங்கி நோட்டு அச்சிட்டு நிரப்பியது. 2021 இறுதியில் டொலர் 203 ரூபாவுக்குள் பிடித்து நிறுத்தப்பட்டது. வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கி வழியை விட்டு உண்டியலை நாடினர். 2020இல் 710 கோடி டொலராக இருந்த உத்தியோகபூர்வ பண அனுப்புகை, 2021இல் 549 கோடியாகவும் 2022இல் 379 கோடியாகவும் விழுந்தது. 1960களில் கண்ட அதே நோய், அதே அறிகுறி: எண்ணை உயரத்தில் பிடித்தால் பணம் வேறு வழி தேடும்.

2022 மார்ச் 7 அன்று பிடி விடப்பட்டது. மே மாதத்துக்குள் டொலர் 360 ரூபாவை எட்டியது. இந்திய ரூபா ஒன்று 2 ரூபா 70 சதத்திலிருந்து நாலரை ரூபாவைத் தாண்டியது. ஏப்ரல் 12 அன்று இலங்கை வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்திவைத்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். சேமிப்பின் வாங்கும் திறன் ஓராண்டில் இவ்வளவு கரைந்தது சுதந்திர இலங்கை அதுவரை காணாதது.

அந்த மாதங்களில் இந்திய ரிசர்வ் வங்கி 40 கோடி டொலர் நாணயப் பரிமாற்ற வசதி அளித்தது. தீர்வு ஒன்றியத்தின் தவணைகளை ஒத்திவைத்தது. உணவு, மருந்து, எரிபொருளுக்கு இந்தியக் கடன் வசதிகள் வந்தன. உதவியின் மொத்தம் ஏறத்தாழ 400 கோடி டொலர். மே மாதத்தில் தமிழ்நாடு அரசு அனுப்பிய அரிசியும் பால்மாவும் மருந்தும் சென்னையிலிருந்து கப்பலேறின. இரு நாணயங்களும் பிரிந்து எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அண்டை உறவு பிரியவில்லை.

வங்கி மீண்ட விதம்

2022 ஏப்ரலில் பொறுப்பேற்ற ஆளுநர் நந்தலால் வீரசிங்க, மறுநாளே கொள்கை வட்டி வீதங்களை 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தினார். கடும் மருந்து, கடன் வாங்கிய சிறு தொழில்கள் பல அதனால் நொந்தன. ஆயினும் பணவீக்கம் 2023இல் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. பண அனுப்புகை 2024இல் 657 கோடி டொலராக மீண்டது. ஒதுக்குகள் அவ்வாண்டு இறுதியில் 610 கோடி டொலராயின.

நிறுவன வரலாற்றில் இவற்றினும் பெரிது 2023இன் 16ஆம் இலக்க இலங்கை மத்திய வங்கிச் சட்டம். எக்ஸ்டரின் 1949ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த இது, விலை உறுதிப்பாட்டை வங்கியின் முதன்மை நோக்கமாக்கியது. அரசின் பற்றாக்குறைக்கு வங்கி நோட்டு அச்சிட்டுக் கொடுப்பதைத் தடுத்தது. 1884இன் நாணய ஆணையாளர்கள் ஈடின்றி நோட்டு வெளியிட மறுத்த அந்தப் பழைய ஒழுக்கம், நாட்டின் தேவையறிந்து பணத்தை ஆளும் சுதந்திரத்தோடு இப்போது முதன்முறையாக ஒரே சட்டத்தில் சேர்ந்திருக்கிறது. இரவல் நிலைத்தன்மையும் கட்டற்ற சுதந்திரமும் இரண்டும் நம்மை வாட்டின; ஒழுக்கத்தோடு கூடிய சுதந்திரத்தை இப்போதுதான் தொடங்கியிருக்கிறோம்.

இந்திய ரூபா ஒன்றுக்கு நாம் எத்தனை ரூபா கொடுக்கிறோம் என்ற எண்ணைக் கண்டு வெட்கப்படவோ பழைய 126ஐ நினைத்துப் பெருமைப்படவோ வேண்டியதில்லை. அந்த எண் இனி எப்படி நகர்கிறது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. மெல்ல நகர்ந்தால் வணிகரும் தொழிலாளியும் தம் வாழ்வை அதற்கேற்ப அமைத்துக்கொள்வர். பல ஆண்டுகள் பிடித்துவைத்து ஒரு நாளில் விட்டால் சேமிப்பவனும் கூலிக்காரனும் அழிவர். 1966, 1977, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளும் இதையே சொல்கின்றன.

தேர்தல் வரும்போதும், கடன் தவணை நெருங்கும்போதும், அரசு மீண்டும் அச்சகத்தை நோக்கித் திரும்பக்கூடும். அன்று சட்டத்தின் பக்கம் நிற்பவர்கள் இந்த வங்கியின் அதிகாரிகளாகவும், அவர்களுக்குத் துணை நிற்பவர்கள் செய்தி அறிந்த குடிமக்களாகவும் இருக்க வேண்டும். மலையகத்தின் வரிசை வீடுகளிலும் வடக்கின் மீன்பிடிக் கிராமங்களிலும் சேமிப்பு இருப்பது ரூபாவில்தான். டொலரிலோ தங்கத்திலோ ஒளிந்துகொள்ள அங்கு வாழ்வோருக்கு வழியில்லை. அந்த ரூபாவைக் காப்பதே மத்திய வங்கி ஏழைகளுக்குச் செய்யக்கூடிய முதற்பெரும் அறம். அடுத்த எழுபத்தைந்து ஆண்டுகளில் வங்கி இவ்வறத்தில் நிலைக்க மனமார வாழ்த்துகிறோம்.